மூன்றாம் முறை அறுந்தால்

அனலினின் மாமியார் கொன்சோர்சியாவுக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் அதன்மேல் ஒரு பின்னல் துணி போர்த்த வேண்டும் என்பது ஒன்று. இடி இடித்தால் கண்ணாடி, டிவி என்று பளபளக்கிற எல்லாவற்றையும் மூடிவிட்டு, சுவரில் இருக்கிற பிளக்குகளை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும் என்பது இன்னொன்று. பளபளப்பைக் கண்டால் மின்னல் விருந்தாளி மாதிரி உள்ளே வந்துவிடுமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அனலினுக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது. இந்த மாதம்தான் சிரிப்பு நின்றது.

அனலின் வீட்டிலிருந்தே, ரொக்சாஸ் நகரத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் உட்கார்ந்தபடி, ஜப்பான்காரர்களுக்குக் கணினி வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். பாடம் இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஒரே மாதத்தில் மூன்று முறை இணைப்பு அறுந்தால் வேலை போய்விடும். போனால், ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கிற அக்காவிடம் போக வேண்டியதுதான். நாலு வயது மகள் லெங்லெங்கை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மாதத்தின் முதல் வாரமே ஒரு மின்னலில் ரவுட்டர் கருகிப்போனது. "நான் சந்தைக்குப் போன நேரம் பாத்து வந்திருக்கு பாரு. நான் இருந்திருந்தா பிடுங்கியிருப்பேன்" என்று மாமியார் அதை ஒரு வாரம் சொல்லிக்காட்டினாள். அது முதல் முறை. அடுத்த வாரம் சும்மா கரண்ட் போனது. அது இரண்டாம் முறை.

அதன் பிறகுதான் மின்வேலை செய்கிற, எல்லாரும் 'மனோங்', அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற இதோயிடம் பழைய யு.பி.எஸ் பெட்டி ஒன்றை வாங்கினாள். கரண்ட் போனாலும் உள்ளேயிருக்கிற பேட்டரியில் ரவுட்டர் ஓடும்.

"பழைய பேட்டரி, தங்கச்சி. இருபது நிமிஷம் நிக்கும். ரவுட்டரைத் தவிர வேற எதையாச்சும் சொருகினே, அஞ்சு நிமிஷம்தான்" என்று இதோய் பெட்டியை மாட்டிவிட்டுச் சொன்னான். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தான். "ஆமா, இதென்ன, தலைக்குத் துணி போட்டிருக்கு?"

"அத்தை போட்டது. எடுத்தா மறுபடி போடுவாங்க."

"சூடாகும். எடுத்துரு."

அனலின் எடுத்தாள். மாமியார் போட்டாள். மூன்று நாள் இப்படியே ஓடியது.

மாதத்தின் கடைசி நாள். மூன்று மணிக்கு ஒரே ஒரு பாடம். மாணவர் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், ஒகாபே. இந்தப் பாடம் தப்பித்தால் அடுத்த மாதம் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வெளியே மேகம் கருகருவென்று திரண்டிருந்தது. லெங்லெங் தூங்கிக்கொண்டிருந்தாள். "குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் ஒகாபே" என்று அனலின் சிரித்தாள்.

பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு கூரைத் தகரம் அதிர ஒரு இடி.

மாமியார் எழுந்தாள். முதலில் அலமாரிக் கண்ணாடிக்குப் போர்வை. அடுத்து டிவிக்கு. அடுத்து சாதம் வடிக்கிற குக்கரின் எவர்சில்வர் மூடிக்கு. பிறகு நேரே வந்து அனலினின் மடிக்கணினித் திரைமேல் ஒரு வெள்ளைப் பின்னல் துணியைத் தூக்கிப் போட்டாள். கேமராவும் மறைந்துபோனது.

பாடம் பதிவாகிறது, சொல்லிக்கொடுக்கிறவள் வேறு மொழியில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அனலின் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"டீச்சர், உங்க ஊர்ல பனி பெய்யுதா?" என்று ஒகாபே கேட்டார். அவருக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை நூலும் ஓட்டைகளும்.

"இல்லைங்க, இது மழைக்காலம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அனலின் துணியை உருவினாள். "மழையைப் பத்தி அஞ்சு வாக்கியம் சொல்லுங்க பாக்கலாம்."

அதற்குள் மாமியார் பிளக்குகளுக்கு வந்துவிட்டாள். மின்விசிறி, டிவி, குக்கர், எல்லாம் பட் பட்டென்று வெளியே வந்தன. கடைசியாக யு.பி.எஸ்ஸின் பிளக். அனலின் கையை நீட்டினாள், எட்டவில்லை. பிளக் வந்துவிட்டது. பெட்டி கீச் கீச் என்று கத்தியது. அவள் மூச்சை நிறுத்திவிட்டு ரவுட்டரைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணையவில்லை. பேட்டரி தாங்கிக்கொண்டிருந்தது. பாக்கி பதினைந்து நிமிடம்.

திரும்பச் சொருகச் சொல்லி ஜாடை காட்டப் போனாள். அப்போதுதான் இடி விழுந்தது. வெளியே வெள்ளை வெளிச்சம், சந்து முனையிலிருந்த டிரான்ஸ்பார்மர் வெடிக்கிற சத்தம், எதிர் வீட்டுச் சுவரில் தீப்பொறி. எங்கேயோ யார் வீட்டு ஃபிரிட்ஜோ செத்த நாற்றம். பிளக் சுவரோடு இருந்திருந்தால் பெட்டி, ரவுட்டர் இரண்டுமே கரிக்கட்டைதான். அனலின் நீட்டின விரலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"பயமில்லையா டீச்சர்?" என்றார் ஒகாபே.

"'பயமாக இருந்தது'ன்னு இறந்த காலத்துல சொல்லுங்க" என்றாள் அனலின்.

கரண்ட் இல்லாத சந்தில் ஒரு வீட்டில் விளக்கு மினுக்கினால் போதும், மற்ற வீடுகள் சார்ஜரோடு வந்துவிடும். கேட்டு வருவதில்லை, தடுத்து நிறுத்துவதுமில்லை. தடுக்கிறவள் முகத்தைச் சந்தில் எவளும் பார்க்கமாட்டாள். பெட்டியின் சத்தத்தைக் கேட்டு மழையில் நனைந்தபடி நாலு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் மனாங் பாசிங், சந்துக்கே அக்கா.

"கொன்சோர்! என் மக துபாய்லேர்ந்து நாலு மணிக்குக் கூப்பிடுவா. போன்ல ரெண்டு பர்சன்ட்தான் இருக்கு. உங்க மாயப் பெட்டியில கொஞ்சம் சொருகிக்கிறேன்."

பாசிங் குனிந்தாள். பெட்டியின் பின்பக்கம் இன்னும் மூன்று ஓட்டைகள் காலியாக இருந்தன. சொருகினால் அஞ்சு நிமிடம்தான். அனலின் ஆங்கிலத்தில் இறந்த காலம் பேசிக்கொண்டே மாமியாரைப் பார்த்தாள். இந்த மாமியார் வாழ்நாளில் வாசலுக்கு வந்த ஒருவரையும் இல்லையென்று அனுப்பினவள் கிடையாது.

மாமியார் மருமகளைப் பார்த்தாள். தூங்குகிற பேத்தியைப் பார்த்தாள். பிறகு பாசிங்கின் கையிலிருந்து சார்ஜரைப் பிரியமாக வாங்கினாள்.

"அங்க குனியாதே, முதுகு பிடிச்சுக்கும். இங்க வா, இதுதான் நல்ல இடம்."

சுவரிலிருந்து பிடுங்கி மூலையில் போட்டிருந்த நீள ஒயர்ப் பலகையில் நாலு போனையும் வரிசையாகச் சொருகினாள். அதற்குள் கரண்ட் எங்கிருந்து வரும்? அதன் பிளக்கே தரையில் கிடந்தது. அதன்மேல் ஒரு பின்னல் துணி போர்த்திவிட்டு, தென்னங்குருத்தில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பண்டமான இபோஸைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்க. மழையில மெதுவாத்தான் ஏறும்."

பாசிங் தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். கொன்சோர்சியாவைப் பார்த்தாள்.

"ரொம்ப மெதுவாவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பதினைஞ்சு நிமிஷம் மெதுவா. வாயில இபோஸைப் போடு."

பாசிங்குக்கு இந்த மாதக் கதை தெரியும், சந்துக்கே தெரியும். ஒரு இபோஸை உரித்து வாயில் போட்டுக்கொண்டு மற்ற மூவரையும் பார்த்து, "ஏறுதுடி, ஏறுது. என் போன் சூடாயிருச்சு" என்றாள். மற்றவர்களும் தங்கள் போனைத் தொட்டுப் பார்த்து, சூடுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். சிரிப்பு வந்தவர்கள் மழையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

யு.பி.எஸ்ஸில் நாலு விளக்கு இரண்டானது. பிறகு ஒன்று. கீச் சத்தம் வேகமானது. ஒகாபே தன் மனைவியை முதன்முதலில் ரயிலில் பார்த்த மழை நாளைப் பற்றி மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவும் முடியாது, பாவம். அனலின் மேசைக்கு அடியில் கால் விரல்களை இறுக்கிக்கொண்டாள். கதையில் அவர் பெட்டியை இறக்கி, குடையை மடித்து, ஒருவழியாக அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "தேங்க் யூ, டீச்சர்" என்றார். இருபத்தைந்து நிமிடம் நிறைந்தது. திரையில் பாடம் முடிந்த பச்சை அடையாளம் விழுந்தது.

அனலின் கணினியை மூடினாள். முதலில் ரவுட்டரைப் பிடுங்கினாள். பிறகு துணியை விலக்கி பாசிங்கின் சார்ஜரை எடுத்து யு.பி.எஸ்ஸில் சொருகினாள். பாக்கி மூன்றையும் போட ஓட்டை இருந்தது, போட்டாள்.

நாலு போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன. மூன்று நிமிடம் ஓடியிருக்கும். பெட்டி ஒரு நீளமான கீச் விட்டு அடங்கியது.

பாசிங் போனைத் தூக்கிப் பார்த்தாள். "நாலு பர்சன்ட்! என் மகளுக்கு இது போதும். அவ அழுறதுக்கு முன்னாடி நான் வச்சிருவேன்."

"வேலை?" என்று மாமியார் மருமகளிடம் கேட்டாள்.

"இருக்கு அத்தே."

மாமியார் தட்டில் மிச்சமிருந்த கடைசி இபோஸை உரித்து அவள் கையில் வைத்தாள்.