டிரெஸ்காட்டின் ஒற்றை ஓட்டு

டிரெஸ்காட் கிராமத்தில் ஜனநாயகக் கட்சி என்றால் அது லொவினா ஸ்டெர்ன்ஸ்தான். தலைவர், செயலாளர், தொண்டர், மகளிர் அணி எல்லாம் அவள் ஒருத்தியே. வெர்மான்ட் மாநிலம் குடியரசுக் கட்சியைத் தவிர வேறு யாருக்காவது ஓட்டுப் போட்டதாக உயிரோடிருக்கும் எவருக்கும் நினைவில்லை. அதிலும் டிரெஸ்காட்காரர்கள் ஒரு படி மேல். 1932 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஹூவருக்கு ஐம்பத்தெட்டு ஓட்டு, ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றைப் போட்டது யார் என்று ஊர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. பிறகு லொவினாவே, "என்னுடையது" என்று சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஓட்டு அவளுடையதுதான். ஆனால் அவள் அதைத் தெரிந்து போடவில்லை. தேர்தலன்று காலையில் நாற்காலியில் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியின் மேல் அவளே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் போய், பென்சிலால் பெருக்கல் குறியைக் கட்டம் மாற்றிப் போட்டுவிட்டு வந்தாள். எண்ணிக்கையில் அந்த ஒன்றைக் கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

திறக்க வைத்தது தபால்தான். வாஷிங்டனில் ஆட்சி மாறினால் கிராமங்களில் தபால் நிலைய அதிகாரியின் நாற்காலியும் ஜெயித்த கட்சிக்காரருக்கு மாறும். அது அந்த நாட்டு வழக்கம். மாவட்டக் கட்சிச் செயலாளர் பனிச்சறுக்கு வண்டியில் வந்து, "இந்த ஊர்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார்னு கணக்கு சொல்லுது. எங்கே அவர்?" என்று வீடு வீடாகக் கேட்டார். லொவினாவின் கணவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பசுக்களை விற்றாகிவிட்டது. ரட்லண்டில் நாத்தனார் வீட்டு மச்சு அறைக்குப் போய் முடங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் வாய் தானாகவே பேசிவிட்டது. அந்த வசந்தத்தில் அவள் வீட்டு முன்னறை டிரெஸ்காட் தபால் நிலையம் ஆனது.

நாலு வருஷம் ஊர் அவளைச் சும்மா விடவில்லை. "கட்சி மாநாடு எப்போம்மா? உன் சமையல்கட்டுலயா?" என்பார் ஊர்க் கணக்கர் எபன் வில்காக்ஸ். அவளும் சிரித்துக்கொண்டே, "வாங்க, கூட்டம் பத்தலை" என்பாள். சிரிப்பெல்லாம் வெளியே. உள்ளே குறுகுறுப்பு. வேலையைச் சுத்தமாகச் செய்தாள், ஒரு கடிதம் தவறியதில்லை. ஆனாலும் ஏமாற்றித் தின்கிறோமோ என்ற முள் ஒரு நாளும் அவளை விட்டதில்லை.

1936 தேர்தல் வந்தபோது முள் இன்னும் ஆழமாகக் குத்தியது. ஐந்து மைல் தள்ளி பர்டிக் மில்ஸில் கடை வைத்திருக்கும் ஆர்வில் கேட்ஸுக்கு டிரெஸ்காட் தபாலையும் தன் கடைக்கு இழுத்துக்கொள்ள ஆசை. தபாலுக்கு வருகிறவன் மண்ணெண்ணெயும் வாங்குவான் அல்லவா. மனிதர் இரண்டு வருஷம் முன்புதான் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். தாவின வேகத்தில் எல்லோரையும்விடப் பழைய தொண்டர் ஆகிவிட்டார். "டிரெஸ்காட்ல நம்ம கட்சியே கிடையாது. அந்தம்மா சும்மா" என்று மாவட்டத்துக்கு எழுதிப் போட்டார். இந்தத் தேர்தலில் அங்கே ஒரு ஓட்டும் விழாவிட்டால் நிலையத்தை மாற்றலாம் என்று அங்கிருந்து பதிலும் வாங்கிவிட்டார். அதை லொவினாவிடம் வந்து சொன்னதும் அவரேதான்.

ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. ரூஸ்வெல்ட்டுக்கு நேரே அதைப் போட்டால் போதும், தபால் நிலையம் அவளுக்கு. பிரச்சினை என்னவென்றால் லொவினாவுக்கு ரூஸ்வெல்ட்டைப் பிடிக்கவில்லை. மலை முகட்டோடு ரோடு போடுகிறோம் என்று அவருடைய வாஷிங்டன்காரர்கள் கிளம்பியதை மார்ச் மாதம் மாநிலமே ஓட்டுப் போட்டுத் தள்ளியது. அவளும்தான். தன் ஊர் மலையை எங்கோ உட்கார்ந்திருப்பவன் அளப்பதாவது என்று அவளுக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஊர்மன்றத்தில் ஒரு பக்கம் ஓட்டுப்பெட்டி, ஒரு பக்கம் தேவாலயத்துப் பெண்கள் போட்ட மதியச் சாப்பாடு. பன்றிக் கொழுப்பும் மேப்பிள் பாகும் சேர்த்துச் சுட்ட பீன்ஸ், பழுப்பு ரொட்டி, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பை பத்துப் பன்னிரண்டு விதத்தில். ஓட்டுப் போட வந்தவர்கள் சாப்பிட்டார்களா, சாப்பிட வந்தவர்கள் ஓட்டுப் போட்டார்களா என்று சொல்வது கஷ்டம். நீள மேசைகளுக்கு அப்பால் ஒரு குட்டி மேசையில் ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு தட்டு. ஜனநாயகக் கட்சியினருக்கு என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். லொவினா அதில் உட்கார்ந்து ராணி மாதிரி தலையசைத்தாள். மன்றமே சிரித்தது.

அப்போது ஆர்வில் கேட்ஸ் உள்ளே வந்தார். கோட்டில் கட்சிச் சின்னம், கையில் குறிப்பேடு. "கட்சி சார்பா எண்ணிக்கையைப் பார்க்க வந்திருக்கேன்" என்றார்.

"அப்போ இங்கே உட்காருங்க. யாராவது இன்னொரு நாற்காலி கொண்டாங்கப்பா, கட்சி ரெண்டு மடங்கா வளர்ந்துடுச்சு" என்றார் எபன்.

ஆர்வில் உட்கார்ந்தார். பீன்ஸை ஒரு பிடி பிடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏம்மா, நேராவே கேக்கறேன். நீங்க நிஜமாவே நம்ம ஆளுதானா?"

லொவினா கரண்டியைக் கீழே வைத்தாள். "அது எனக்கும் பெட்டிக்கும் நடுவுல உள்ளது, கேட்ஸ்."

"போன தடவை வெளியில சொன்னீங்களே."

"அந்தம்மா சாப்பிடட்டும்" என்று நீள மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆல்வா கோல்பர்ன். ஐம்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகாதவர், ஊருக்கு மேலே மேப்பிள் தோப்பு வைத்திருப்பவர். அவருடைய அப்பா லிங்கன் காலத்துப் போரில் ஒரு கையைக் கொடுத்துவிட்டு வந்தவர். கோல்பர்ன் வீட்டில் குடியரசுக் கட்சியும் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையும் ஒன்றுதான். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இன்றைக்கான கணக்கில் இரண்டை லொவினாவுக்காகச் செலவழித்துவிட்டார்.

லொவினா எழுந்து போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் நுழைந்தாள். கண்ணாடி மூக்கின் மேல் பத்திரமாக இருந்தது. ரூஸ்வெல்ட், குடியரசுக் கட்சியின் லாண்டன், இரண்டு பெயர்களும் பளிச்சென்று தெரிந்தன. ரட்லண்டின் மச்சு அறையை நினைத்தாள். அங்கே ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. பென்சிலை ரூஸ்வெல்ட் பக்கம் கொண்டுபோனாள். கை நின்றது. போன தடவை தெரியாமல் போட்டது தவறு. இப்போது தெரிந்தே போட்டால் அதற்குப் பெயர் வேறு. வேலைக்காக வாயை விற்றாகிவிட்டது, கையையும் விற்க வேண்டுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். லாண்டன் பெயருக்கு நேரே, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

வெளியே வந்தபோது நாலு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. வேலை போய்விட்டது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்து முகத்தில் ஒரு விசித்திரமான சிரிப்பு. ஆல்வா கோல்பர்ன் தட்டில் இருந்த பையை அப்படியே விட்டுவிட்டு அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அவரும் ஓட்டுப் போடப் போனார்.

போனவர் வரவேயில்லை. வழக்கமாகக் கோல்பர்ன் திரைக்குள் போன வேகத்தில் வெளியே வந்துவிடுவார்.

"ஆல்வா, உள்ளே தூங்கிட்டியா? வேற கட்டம் எதையும் பார்க்கவே வேண்டாம்பா, நம்ம கட்டம் எடுத்த உடனே இருக்கும்" என்றார் எபன்.

"பென்சில் முனை உடைஞ்சுபோச்சு" என்று திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். அறுபத்திரண்டு பேரும் போட்டாகிவிட்டது. சளியோடு படுத்திருந்த கிழவரைக்கூட வண்டியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எபன் சீட்டு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். "லாண்டன். லாண்டன். லாண்டன்." ஆர்வில் கேட்ஸ் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முப்பது தாண்டியது. நாற்பது. லொவினா மனசுக்குள் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அடுப்பை விற்க வேண்டும். பூனையை யாரிடம் விடுவது என்று யோசித்தாள். நாத்தனாருக்குப் பூனை ஆகாது.

ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஆர்வில் குறிப்பேட்டில் ஒரு பெரிய பூஜ்யத்தை முன்கூட்டியே போட்டுவைத்தார்.

"ரூஸ்வெல்ட்" என்றார் எபன். சீட்டை உயர்த்திக் காட்டினார். "வந்துட்டாங்கப்பா நம்ம எதிர்க்கட்சி."

மன்றம் கைதட்டியது. அறுபது பேர் திரும்பி லொவினாவைப் பார்த்துச் சிரித்தார்கள். மிச்சமிருந்த மூன்றும் லாண்டன். "அறுபத்தொண்ணுக்கு ஒண்ணு" என்று எபன் அறிவித்தார். "லொவினா, உன் கட்சி வளரவும் இல்ல, தேயவும் இல்ல."

அந்த ஓட்டு லொவினாவுடையதல்ல என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, இன்னொருவருக்கும் தெரியும். அந்த மன்றத்தில் யாரோ ஒருவர், பிறந்ததிலிருந்து மாறாத கையை அவளுக்காக மாற்றியிருக்கிறார். "அது என்னோடது இல்ல" என்று சொல்வதற்காகவே எழுந்து நின்றாள். சொன்னால் ஊர் மறுபடி மண்டையை உடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த மனிதரைத் தோண்டி எடுத்துக் கிறிஸ்துமஸ் வரைக்கும் வறுத்தெடுக்கும். அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரைத் தவிர. ஆல்வா கோல்பர்ன் தன் தொப்பியின் உட்பக்கத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

"என்னம்மா, பேசப் போறியா?" என்றார் எபன்.

"பை இன்னும் மீந்திருக்கு, யாராவது எடுத்துக்கோங்கன்னு சொல்ல வந்தேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்வில் பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு இழுத்து அதை ஒன்றாக்கினார். "சரிதாம்மா. கேட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். போகும்போது இரண்டு துண்டு பையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ரேடியோ சேதி சொல்லிவிட்டது. நாற்பத்தெட்டு மாநிலத்தில் நாற்பத்தாறு ரூஸ்வெல்ட்டுக்கு. மேய்னும் வெர்மான்ட்டும் மட்டும் லாண்டனுக்கு. தோற்ற ஊர் துவண்டு கிடக்கும் என்று நினைத்தால் உங்களுக்கு டிரெஸ்காட்டைத் தெரியாது. ஊர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. "பாவம், நாப்பத்தாறு மாநிலம் தப்புப் பண்ணிடுச்சு. அவங்களுக்கும் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார் எபன், தபால்தலை வாங்க வந்தவர். தபால் ஜன்னலுக்குள் கையை நீட்டி, "உன் ஆளு ஜெயிச்சுட்டார், வாழ்த்துக்கள்" என்றார். பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் கைகொடுத்தார்கள். தன்னுடைய ஆள் தோற்ற துக்கத்தில் இருந்த லொவினா, ஊரிலேயே ஜெயித்த ஒரே ஆளாக எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு வழக்கம்போல ஆல்வா வந்தார். யாருமில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல." லொவினா குரலைத் தாழ்த்தினாள். "ஆல்வா, நான் லாண்டனுக்குத்தான் போட்டேன்."

"தெரியும். வெளியில வரும்போதே முகத்துல எழுதியிருந்துச்சு."

"முப்பத்திரண்டுல போட்டதுகூடக் கண்ணாடி உடைஞ்சதால வந்த வினை."

ஆல்வா தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"ஏன் அப்படிப் பண்ணினீங்க? உங்கப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"அதைத்தான் திரைக்குள்ள நின்னு யோசிச்சேன். நல்லாத் திட்டுவார். அப்புறம், யாருக்காகடான்னு கேப்பார். சொன்னா விட்டுடுவார்னு தோணுச்சு." தொப்பியைக் கையில் சுற்றினார். "தபால் ஆபீஸ் பர்டிக் மில்ஸுக்குப் போயிட்டா அஞ்சு மைல் நடக்கணும். என் முட்டி தாங்காது."

"உங்களுக்கு யாரும் கடிதமே போடறதில்லையே, ஆல்வா. நாலு வருஷத்துல நான் உங்க கையில கொடுத்தது நாலே நாலு விதைப் பட்டியல்."

"ஆமா" என்றார் அவர். "கடிதத்துக்கா தினம் வந்தேன்?"

லொவினாவுக்குச் சட்டென்று கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான். இவ்வளவு நாள் இந்த மனிதர் வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்துப் பாவம் என்று வேறு நினைத்திருக்கிறாள். தபால் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"உள்ளே வாங்க. காபி சூடா இருக்கு."