தண்ணீர் அட்டை

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது நான்தான். ஒன்பது வயதாகியும் ஒரு வார்த்தை வராத பிள்ளைக்கு இப்படியொரு பெயரா என்று முகம் சுளிப்பவர்களிடம், ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து பாருங்கள் என்பேன். புருவத்தாலேயே ஊர் வம்பெல்லாம் பேசுவாள். சக்கர நாற்காலி, விறைத்த விரல்கள். பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. கழுத்தில் தொங்கும் பட அட்டைகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருவது என் உத்தியோகம். துணையாள் என்பார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள். இந்தப் பிள்ளை எதைக் கற்க வேண்டும், யார் உதவ வேண்டும் என்று. வாயாடியின் முதல் இலக்கு, தாகம் எடுத்தால் தானாகத் தண்ணீர் அட்டையைக் காட்டுவது. இலக்கை எட்டாதவரை துணையாள் உண்டு. எட்டிவிட்டால் துணையாளைப் பிடுங்கி வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் காகிதத்தில் நாங்கள் எந்தப் பிள்ளையையும் முழுசாகத் தேறவிட மாட்டோம். சிறப்பு ஆசிரியர் நல்ல மனுஷர். 'முயற்சி செய்கிறாள்' என்று எழுதிவிட்டு, யார் கண்ணையும் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பெற்றோரிடம் மட்டும் இந்தச் சூட்சுமத்தைச் சொல்ல மாட்டோம். நாலு பேர் காதுக்குப் போனால் எல்லாருக்கும் ஆப்பு.

வாயாடியின் அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவள் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுபவள். இந்த வருடக் கூட்டத்துக்கு அரை நாள் விடுப்பு கேட்டு, மடிப்புக் கலையாத உடையில் மகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி திட்டத்தை உரக்கப் படித்தார்.

"தண்ணீர் கேட்பது. முயற்சி செய்கிறாள்."

"என்ன சார், முயற்சியா? எம்பொண்ணு தானாவே கேக்குறா சார்!"

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "சாரி டீச்சர்" என்று எனக்கு இடம்விட்டுக் காலை நகர்த்திக்கொண்டாள்.

"அட்டைய தூக்குற வரைக்கும் குடுக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. மாசக்கணக்கா பாட்டில முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் சார். அவ அழுவா, நானும் அழுவேன். இப்ப பாருங்க."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு வேணாம்மா, புள்ள களைச்சுப் போயிருக்கா" என்றார் சிறப்பு ஆசிரியர்.

அடி வாயாடி, இன்று ஒருநாள் சும்மா இருடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். பிறகு தண்ணீர் அட்டையை மெல்லப் பிடித்து, நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, காத்திருந்தாள். எல்லாம் என் பாடம். பதறாதே, நேரே பிடி, ஆள் பார்க்கும்வரை இறக்காதே.

அதிகாரி கைதட்டினார். வஞ்சகமில்லாத சந்தோஷம்தான். 'முயற்சி'யை அடித்துவிட்டு 'எட்டினாள்' என்று எழுதினார். அம்மாவின் முகத்தை அப்படியொரு பூரிப்போடு நான் பார்த்ததே இல்லை. அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"அப்போ துணையாள் தேவையில்ல. வேற புள்ளைக்குப் போட்டுடலாம்" என்றார் தலைமை ஆசிரியை.

அம்மாவின் சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமானது. "துணையாள்னா... நம்ம டீச்சரா?"

"அதான் உங்க பொண்ணே கேக்குறாளே!"

என் புதுப் பிள்ளை ஒரு ஓட்டக்காரி. கண்ணசந்தால் வாசலில் நிற்பாள். அவளைத் துரத்தும்போதெல்லாம் வாயாடியின் வகுப்பு ஜன்னலைக் கடப்பேன். வகுப்பாசிரியை கெட்டவள் இல்லை. ஆனால் கூட்டம் நிரம்பிய வகுப்பு, கரும்பலகை பக்கம் திரும்பினால் திரும்பியதுதான். அவள் முதுகைப் பார்த்தபடி, நெஞ்சுக்கு நேரே அட்டையோடு வாயாடி. நான் ஓட்டக்காரியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போதும் அட்டை இறங்கியிருக்காது.

ஒருமுறை உள்ளே நுழைந்து குடிக்கக் கொடுத்தேன். அதற்குள் ஓட்டக்காரி தெருவுக்கே போய்விட்டாள். ஒரு வண்டிக்காரர் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம் நான் உள்ளே போகவில்லை.

நேற்றுப் பள்ளி விட்டதும் வாசலில் அம்மா நின்றாள். நாற்காலியின் பின்னால் மாட்டியிருந்த பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். நிறைந்திருந்தது.

"இன்னிக்கும் கேக்கலையா டீச்சர்?"

"கேட்டா."

அவள் பாட்டிலைத் திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கேக்குறத மறந்துட்டான்னா, உங்கள திரும்பக் குடுப்பாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "அடுத்த வருஷக் கூட்டத்துல குடுத்தாலும் குடுப்பாங்க" என்றேன்.

பாட்டிலைப் பார்த்ததும் வாயாடி அட்டையைத் தூக்கினாள். உதடு வெடித்திருந்தது. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு, பாட்டில் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்க்காதவள் போலத் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

நானும் பாட்டிலை வாங்கித் திறக்கவில்லை. வாயாடி பதறவில்லை. அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, நாங்கள் பார்ப்பதற்காகக் காத்திருந்தாள்.