ஏற்றிவிடப் போன மில்லம்மா

அந்த ஊர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் இரண்டே நிமிடம்தான் நிற்கும். அது ஊருக்கே தெரியும். தெரிந்திருந்தும் ஒருவரை வழியனுப்ப ஒரு பட்டாளமே கிளம்பிப் போகும். போனவர்கள் பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டிவிட்டு வந்தால் போதாதா என்றால், போதாது; அந்த ஊரில் அது மரியாதைக் குறைவு. உள்ளே ஏற வேண்டும், பெட்டியை சீட்டுக்கடியில் தள்ள வேண்டும், ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும், எதிர் சீட்டுக்காரரிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒப்படைக்க வேண்டும். இத்தனையும் முடித்துவிட்டு வண்டி கிளம்புவதற்குள் இறங்கவும் வேண்டும். அதனால் வீட்டுக்கு ஒருவராவது கையில் காசில்லாமல் ஜங்ஷன்வரை போய்த் திரும்பியிருப்பார். ஏற்றிவிடப் போன ஆள் வரவில்லையென்றால் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

மில்லம்மா மட்டும் அதுவரை மாட்டியதில்லை. மாவு மில் நடத்துகிறவள் அவள். புருஷன் போன பிறகு தனியாளாக மில்லை ஓட்டி, ஒற்றைப் பிள்ளையைப் படிக்க வைத்து, மின்சார ஆபீசில் உட்கார வைத்தவள். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டது. அவள் ரகசியம் சொன்னால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். ரயிலோடு போனவர்கள் கதையை அந்தத் தொண்டையில் சொல்லிச் சிரிப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்றைக்கு அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. பிள்ளைக்குத் தொலைவில் ஒரு பெரிய ஊருக்கு மாற்றல். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளம்புகிறார்கள். மாற்றல் என்று தாள் வந்த நாளிலிருந்தே மில்லம்மாவுக்கு ஒன்று தெரிந்துவிட்டது: இது மருமகள் வேலை. "என் பிள்ளை வாயில்லாப் பூச்சி. இவதான் அவன் காதைக் கடிச்சு இழுத்துக்கிட்டுப் போறா" என்று மாவு அரைக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. மருமகள் அதைக் கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று மில்லம்மா தீர்ப்பும் எழுதிவிட்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்த வீட்டில் குடமே உடையாமல் மருமகள் தலையில் பழி விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எக்ஸ்பிரஸ் வந்தது. பிள்ளையை ஆபீஸ் நண்பர்கள் பிளாட்பாரத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெட்டிகளோடு மருமகள் முன்னால் ஏற, சாப்பாட்டுப் பையோடு மில்லம்மா பின்னால் ஏறினாள். பெட்டியை மருமகள் தள்ளியது அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே இழுத்துத் தானே ஒருமுறை தள்ளினாள். பிறகு, இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததைக் கடைசியாக ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"போற இடத்துல அவனைப் பட்டினி போட்டுடாத. ஆசைப்பட்டபடி பிரிச்சுட்ட. இனிமேயாவது..."

ஜன்னலுக்கு வெளியே டீக்கடை நகர்ந்தது. மில்லம்மா பேச்சை நிறுத்தாமலே அதைப் பார்த்தாள். கடைதான் நகர்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள் போலிருக்கிறது. அடுத்து நகர்ந்தது அவள் பிள்ளை. வாயைத் திறந்தபடி, கையில் டீயோடு, வண்டியின் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"ஐயோ, வண்டியை நிறுத்துங்க! என் பிள்ளை!" என்று அவள் போட்ட சத்தம் இன்ஜினுக்கே கேட்டிருக்கும். வண்டிக்கென்ன, அது போய்க்கொண்டே இருந்தது.

உடனே மருமகளின் போன் அடித்தது. அவன்தான். "ரெண்டு பேரும் ஜங்ஷன்ல இறங்கிடுங்க. பின்னாடியே பாசஞ்சர் இருக்கு, அதுல வந்துடறேன்." மருமகள் அதை அப்படியே சொன்னாள். மில்லம்மா தொப்பென்று பிள்ளைக்குப் போட்டிருந்த சீட்டில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த அம்மாள் இரக்கப்பட்டு, "பொண்ணை விட்டுப் பிரிய மனசு வரலியா?" என்று கேட்டாள்.

"பொண்ணில்ல, மருமக" என்றாள் மில்லம்மா. அந்த அம்மாள் ஏனோ அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். மருமகள் எழுந்து, நடந்ததைச் சொல்லி, கட்ட வேண்டியதைக் கட்டி, ரசீதை வாங்கி மாமியார் பையில் வைத்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. "அந்த ஊர்தானே? வாரத்துக்கு ஒருத்தராவது வந்துடறீங்கம்மா" என்றார். மில்லம்மாவுக்கு மானம் போயிற்று. ஊரையே கிண்டல் செய்தவளை ஊர் இனி சும்மா விடுமா? அந்தக் கோபத்தையும் மருமகள் கணக்கில் எழுதலாம் என்று திரும்பினால், அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் யாருக்காக நடிப்பது? பிள்ளை இங்கே இல்லை. ஒருவர் பார்க்கவென்று அழுகிறவர்கள் மூக்கை இப்படி உறிஞ்சுவதும் இல்லை.

மறுபடி போன். மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அவள் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து. பெரிய பாலம் ஒன்று வந்து வண்டி இரைந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"சார், அந்த ஃபிரேமைச் சூடு பண்ணாம லென்ஸை அழுத்தாதீங்க, ஓரம் உடைஞ்சிடும்... ஆமா, ஸ்கூல் வாத்தியாரோடது. அவருக்கு இடது காது கொஞ்சம் கீழ, அந்தப் பக்கம் காம்பை வளைச்சுக் குடுங்க... இல்ல சார், வேற ஆளைப் போட்டுக்குங்க. நான் எப்படித் திரும்பி வர்றது? எனக்கு மட்டும் ஆசையா? அவரே கேட்டு வாங்கியிருக்காரு மாற்றல்... சரி சார், அழல சார். வெச்சுடறேன்."

பாலம் முடிந்தது. மில்லம்மா சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஊர் வாத்தியாரின் காது கோணல் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே தனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

"யாரு கேட்டு வாங்கினது?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"விடுங்க அத்தை."

"யாருடி கேட்டு வாங்கினது?"

"அவருதான். எழுதிக் கொடுத்து ஆறு மாசம் ஆச்சு." அவள் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்கு வந்தா இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நானு. ரெண்டு பேருக்கும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்குதுன்னாரு. பெரிய ஊருக்குப் போனா நிம்மதியா இருக்கலாமாம்."

"நீ ஏன் சொல்லல? நான் ஊர் பூரா உன் பேரை நாறடிச்சேனே."

"சொல்லாதன்னாரு. தன் மேல பழி வந்தா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க, உன் மேலன்னா கொஞ்ச நாள்ல ஆறிடுவாங்கன்னாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுது. நீங்க என்னைத் திட்டறது புதுசில்லையே அத்தை."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அதுதான் மில்லம்மாவுக்கு வலித்தது. பிள்ளை தன்னை விட்டுப் போக நினைத்தான் என்பது ஒரு பக்கம் நெஞ்சைப் பிசைந்தது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நம்பிக்கொண்டிருந்த பூனை சட்டியோடு தூக்கிக் குடித்திருக்கிறது. இன்னொரு பக்கம், இத்தனை நாளாக வேறொருவர் அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் அவள் சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள்.

"சாப்பிடு" என்றாள். அதற்குமேல் ஜங்ஷன்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஜங்ஷனில் இருவரும் சேர்ந்து பெட்டிகளை இறக்கினார்கள். நீ பிடி, நான் பிடி என்று சண்டையில்லை. மருமகள் தள்ளிய பெட்டியை மாமியார் வாங்கி வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மருமகள் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். மில்லம்மா குடித்துவிட்டு, வழக்கம்போல் அதில் ஒரு குறை சொல்லத் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

பாசஞ்சர் வந்தது. டீக் கறைச் சட்டையோடு பிள்ளை ஓடி வந்தான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவன் பட்ட பயத்தை வண்டியை விட்டபோதுகூடப் பட்டிருக்க மாட்டான். வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயந்துட்டியாம்மா? நீ ஒண்ணும் கவலைப்படாத. இவளுக்குப் புது ஊர் ஆசை கொஞ்ச நாள்தான். தீந்ததும் நாங்க திரும்பி வந்துடுவோம்."

மருமகள் தலையைக் குனிந்து பெட்டியின் பூட்டைப் பார்த்தாள். எத்தனையோ முறை பார்த்துப் பழகிய குனிவு அது. திமிர் என்று மில்லம்மா பெயர் வைத்திருந்த குனிவு.

"ஆசை யாருக்குடா?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கைதான் முதலில் தளர்ந்தது.

"அம்மா... உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"இருக்கு. கஷ்டமாத்தான் இருக்கு. வயசு வந்த பிள்ளை, போகணும்னு தோணிச்சுன்னா போ. நான் அழுதுட்டு மில்லைப் பாத்துக்கறேன். ஆனா போறவன் தன் காலாலதானே போகணும்? இவ முதுகுல ஏறியா போறது?" ஜங்ஷனே திரும்பிப் பார்த்தது. மில்லம்மா தொண்டையைச் சரிசெய்து, தன்னால் முடிந்த அளவு மெதுவாக, மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. உனக்குப் போகணுமா?"

மாற்றல் தாள் வந்து, சாமான் கட்டி, அறையைக் காலி செய்து, இத்தனை தூரம் வந்தும் அந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒன்றாக உறைத்தது. அவன் முகம் தொங்கிவிட்டது.

"கடையை விட்டு வர மனசில்ல அத்தை" என்றாள் அவள். பிறகு அவனைப் பார்த்து, "உங்களை விடவும் மனசில்ல. எனக்கு யோசிக்கணுங்க. கொஞ்ச நாள் விடுங்க" என்றாள்.

"நான் கேட்டிருக்கணும்" என்றான் அவன். அந்த ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தது.

ஊருக்குப் போகிற பாசஞ்சர் எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. மில்லம்மா எழுந்து பெட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்தாள். அவனுடையதை அவன் காலடியில் வைத்து, மிச்சமிருந்த சாப்பாட்டை அதன் மேல் வைத்தாள்.

"நீ அடுத்த வண்டியில போய் வேலையில சேரு. முதல்ல வீடு பாரு, தனியா சமைச்சுப் பாரு. லீவு கிடைச்சா வா. வந்து இவகிட்ட வாயைத் திறந்து கேளு. வர்றேன்னா நானே கொண்டாந்து ஏத்திவிடறேன்." அவன் கன்னத்தைத் தட்டினாள். தட்டியது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

மாமியாரும் மருமகளும் படிக்கட்டு ஏறிப் பாலத்தைக் கடந்தார்கள். பாதியில் மருமகள் நின்றுவிட்டாள். கீழே அவன் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு இவர்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல என்ன சொல்வாங்க அத்தை? புருஷனை நடு வழியில விட்டுட்டு வந்துட்டாளேன்னு..."

மில்லம்மா பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாமியாக்காரிதான் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா, ஒண்ணா வாழ விடலன்னு சொல்லு. நாளைக்கு மில்லுக்கு வர்றவங்ககிட்ட நானே சொல்றேன். நட, வண்டி போயிடப் போகுது."