எண்பத்தாறாம் பக்கத்தில் நிற்பவன்

புத்தகம் வியாழக்கிழமைப் படகில் அச்சகத்துக்குப் போகவேண்டும். எண்பத்தாறாம் பக்கத்தில் மட்டும் படத்தின் கீழே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.

ஊர்ணசே என்னும் எங்கள் தீவின் பழைய பதிவுகளையெல்லாம் இந்தப் புத்தகத்துக்காகத் திரட்டியவள் என் மனைவி எஃபி. ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூட வருகைப் பதிவு, கரை ஒதுங்கிய மரங்களை வீட்டுக்கு வீடு பங்கிட்ட விவரம், அப்புறம் யார் யார் வீட்டுப் பெட்டியிலோ கிடந்த புகைப்படங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். முதுகு காட்டி நிற்பவர்களைக்கூடத் தோளின் சாய்வை வைத்துச் சொல்லிவிடுவாள். ஒரே ஒருவன்தான் அவளிடம் பிடிபடவில்லை. இருபது வயது இருக்கும். கல் சுவரில் சாய்ந்து ஒரு செம்மறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். என்றோ விருந்தாளியாக வந்த ஒரு பாதிரியார் எடுத்த படம். அந்தப் படம் பதிந்த கண்ணாடித் தகடு அக்கரையில் ஏதோ பரணில் கிடந்து, அதிலிருந்து அச்செடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எஃபி அவனை விடவில்லை. "பேர் தெரியாதவர்னு மட்டும் போட விட்டுடாத, ஃபின்லே" என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

எங்கள் ஊரில் ஆட்டின் காதுதான் ஆதாரம். எல்லா வீட்டு ஆடுகளும் மலையில் கலந்து மேய்வதால் வீட்டுக்கு ஒரு காது வெட்டு உண்டு. அண்ணன் தம்பி பிரிந்தால் அண்ணன் அப்பாவின் வெட்டை வைத்துக்கொள்வான். தம்பி அதையே காது மாற்றிப் போடுவான். படத்தில் இருந்த ஆட்டுக்கு வலது காதில் நுனி வெட்டு, இடது காதில் கீறல். வடக்கு வீட்டு டார்மடின் வெட்டு அது. அதனால் எஃபி டார்மடைத்தான் துளைத்தெடுத்தாள். அவன் அப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிப் பார்த்தும் எந்த முகமும் பொருந்தவில்லை.

செவ்வாய்க்கிழமை பழைய பள்ளிக்கூடத்தில் கூடினோம். படிக்கப் பிள்ளைகள் இல்லாததால் இப்போது அது எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் இடம். செயலாளர் பெகி, எஃபியின் தோழி, தேநீர் ஊற்றிக்கொண்டே படத்தை இன்னொரு முறை டார்மட் முன்னால் நகர்த்தினாள்.

"நான் சாகிற வரைக்கும் இதையே காட்டிக்கிட்டு இருப்பீங்களா?" என்றான் டார்மட். "எங்க வீட்டுல இவ்வளவு லட்சணமா ஒருத்தன் பொறந்திருந்தா எனக்குத் தெரியாமலா போயிருக்கும்? எங்க மூக்கைப் பாரு, இவன் மூக்கைப் பாரு."

"ஆடு உங்க ஆடுதானே?"

"ஆடு எங்களுது. ஆளு எங்களுது இல்ல. ஆட்டுத் திருடன்னு போட்டுடு, வேலை முடிஞ்சது."

பெகி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், நாளைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாதவர்' என்றே போட வேண்டியிருக்கும் என்றாள். நான் தலையாட்டினேன். படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வாடைக்காற்று அடித்தது. என் கம்பளிச் சட்டை ஈரமாக இருந்ததால் கதவுக்குப் பின்னால் தொங்கிய எஃபியுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதை அங்கிருந்து எடுக்க அதுவரை எனக்கு மனம் வந்ததில்லை. பொத்தான் போடத்தான் வரவில்லை. விரல்கள் வலது பக்கம் தேடின. பெண்கள் உடுப்பில் பொத்தான் இடது பக்கம் அல்லவா இருக்கிறது. ஒருவழியாகப் போட்டு முடித்து, ஓட்ஸ் கஞ்சியோடு மேசையில் உட்கார்ந்தேன். எதிரே படம் கிடந்தது.

அவன் மேல்சட்டைக்கும் பொத்தான்கள் இடது பக்கம்.

பாவம், அக்காவின் சட்டையைப் போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லாத வீட்டில் நடக்கக்கூடியதுதான். ஆனால் உள்ளே தெரிந்த கையில்லாத சட்டையும் அப்படியே. இரண்டுமா அக்காவுடையது? கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. சவரக் கண்ணாடியைக் கழற்றி வந்து படத்துக்கு எதிரே பிடித்தேன். கண்ணாடிக்குள் பொத்தான்கள் ஆண்பிள்ளைக்கு இருக்கவேண்டிய பக்கத்தில் இருந்தன. தகட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அச்செடுத்திருக்கிறார்கள்; இடது வலதாகிவிட்டது. உடனே ஆட்டைப் பார்த்தேன். இடது காதில் நுனி வெட்டு, வலது காதில் கீறல்.

வடக்கு வீட்டிலிருந்து பிரிந்த தம்பி வீடு. எஃபி பிறந்த வீடு.

எஃபி உட்பட ஊரில் யாருமே காதைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்கவில்லை. காது பொய் சொல்லும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

பாதிரியார் வந்துபோன காலத்தில், அந்த வயதில், அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எஃபியின் அப்பா நீல். அவர் முகம் எனக்குத் தெரியும். மற்றவர் அவர் தம்பி ருவாரி. திமிங்கல வேட்டைக் கப்பலில் தெற்குக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இருந்ததில்லை. சித்தப்பா எப்படி இருப்பார் என்று எஃபி கேட்டால், 'என்னைவிட உயரம்' என்பதோடு நீல் நிறுத்திக்கொள்வாராம். அந்தச் சித்தப்பாவுக்குத்தான் அவள் இத்தனை வருஷமாக வடக்கு வீட்டில் பெயர் தேடிக்கொண்டிருந்தாள்.

படத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு டார்மட் வீட்டுக்கு நடந்தேன். எஃபியின் சட்டையோடு வந்துவிட்டேன் என்பது அவன் கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டான். கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படத்தை அதற்குள் பார்த்தான்.

"நீல் வீட்டு ஆடு."

"ஆளு?"

"ருவாரிதான். கப்பலேறப் போறவன் ஒரு ஆட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படம் எடுத்துக்கிட்டான்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அம்மா சும்மா அளக்கிறான்னு நெனச்சேன். காது எங்க வெட்டா இருந்ததால அந்தக் கதை ஞாபகத்துக்கே வரல." கண்ணாடியைத் திருப்பித் தந்தான். "இத்தனை வருஷம் என் வீட்டு டீயைக் குடிச்சிட்டு என்னையே குடைஞ்சா. கடைசியில ஆளு அவ வீட்டு ஆளு. இப்ப இருந்திருந்தா என்கிட்ட மன்னிப்புக் கேக்க வச்சிருப்பேன்."

"நீதான் கேட்டிருப்பே."

"ஆமா," என்றான். "நான்தான் கேட்டிருப்பேன்."

அன்று மாலை பெகி படத்தை நேராகத் திருப்பிப் பக்கத்தில் பொருத்திவிட்டு, கீழே என்ன போட என்று கேட்டாள். ருவாரி, எஃபியின் சித்தப்பா என்று சொன்னேன்.

"எல்லாருக்கும் அப்பா பேரைத்தானே போட்டிருக்கோம்?"

"இவருக்கு மட்டும் இப்படி இருக்கட்டும்."

அவள் அப்படியே தட்டச்சு செய்தாள்.