இருபத்து நான்காம் பெட்டி

காகிதக் கோப்பையில் தேநீர் தளும்பாமல் ஐந்து பெட்டிகளைக் கடந்து சேதுராமன் வந்து சேர்ந்தபோது ரயில் முடிந்துபோயிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் தண்டவாளம் மட்டும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்காம் பெட்டியைக் காணோம். அதில் உட்கார்ந்திருந்த மனைவி அம்பிகாவையும் காணோம்.

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். எங்கே கிளம்பினாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே நடைமேடையில் நின்று மனைவியின் வாயில் விழுபவர். அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ரயில் நின்றால் இறங்கித் தேநீர் வாங்குவார். கிளம்புகிற சத்தம் கேட்டால் கைக்கு எட்டிய பெட்டியில் தொற்றிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே நடந்து தன் இருக்கைக்குப் போய்விடுவார். திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவில் எத்தனையோ தடவை செய்த காரியம். ஹாம் என்கிற நிலையத்தில் இந்த ரயில் இரண்டாகக் கழன்று ஆளுக்கொரு பாதையில் போகும் என்று யார் கண்டது? அறிவிப்பில் சொல்லியிருப்பார்கள். ஜெர்மனில்.

பெர்லினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொலோனில் ஆராய்ச்சி செய்யும் மகன் சிவராமன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தேநீருக்கு எடுத்த சில்லறை போக, பாஸ்போர்ட், பணம், போன் எல்லாம் அம்பிகாவின் மடியிலிருந்த பையில். மகனின் எண் மனப்பாடமில்லை. தன் வாயிலிருந்து “ஐயோ, ஐயோ” என்று வருவதை அவரே கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டார்.

“என்ன அங்கிள், தமிழோ?”

கடைசி இருக்கையிலிருந்து எழுந்து வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பெயர் கவிசா, இலங்கைத் தமிழ்க் குடும்பம், இந்த நாட்டிலேயே பிறந்தவள், நர்ஸ் படிப்பு. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் போய் விசாரித்து வந்தாள்.

“பயப்பிடாதேங்கோ. ரெண்டு ட்ரெயினும் கொலோனுக்குத்தான் போகுது. அது கொஞ்சம் முந்திப் போகும். ஆன்ரி வழியில இறங்காமல் இருந்தால் சரி.”

“இறங்கிடுவாம்மா.”

“ஏன் இறங்குறா?”

எட்டு மாதமாக மகனிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது.

“என்னைத் தேடிட்டு இறங்கிடுவா. அவளுக்கு மறதி. வயசானா வர்ற மறதி இல்ல. டாக்டர் ஒரு பேர் சொன்னார். நான்தான் டயர்டா இருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.”

கவிசா முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளவில்லை. என்ன நிறச் சேலை என்று மட்டும் கேட்டுக்கொண்டு, கொலோனிலிருக்கும் தன் தாய் சந்திரகாந்தியை அழைத்தாள். ஒரு ஆன்ரி தனியாக வருகிறா, பச்சைச் சேலை, ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கோ என்றாள். யார், எவர், எந்த ஊர் என்று அந்தத் தாய் கேட்கவேயில்லை. எத்தனையாம் பிளாட்பாரம் என்று மட்டும் கேட்டாள். சேதுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அம்பிகாவின் ரயில் கொலோனுக்கு முன்னால் ஹாகனில் நிற்குமாம், வுப்பெர்டாலில் நிற்குமாம். இரண்டு ஊரிலும் யாரை நிற்கச் சொல்வது?

இருபது வருடமாக மாற்றாத தன் சொந்த எண் நினைவிருந்தது. கவிசாவின் போனில் அதை அழுத்தினார். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

“அம்பிகா, நான்தான்.”

“அவர் இல்லீங்களே. டீ வாங்கப் போயிருக்கார். நீங்க யார் பேசறது?”

முப்பத்தெட்டு வருடம் கேட்ட குரல். யாரோ ஒருவரிடம் பேசுகிற மரியாதை அதில் இருந்தது. நான்தான் என்று இன்னொரு முறை சொல்லலாம். சொன்னால் பயந்துவிடுவாள்.

“அவர்கூட ஆபீஸ்ல வேலை பார்த்தவன்மா. அவர் கொலோன்ல வந்து உங்களப் பார்க்கறேன்னார். அதுவரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்க வேண்டாம்.”

“சரிங்க சார்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். “சார், நீங்க தெரிஞ்சவர்ங்கறதால சொல்றேன். அவருக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியா இருக்கறதில்ல. போனக்கூட எடுக்காம போயிட்டார் பாருங்க. பையன்கிட்ட நான் சொல்லல. அவர எங்கயாவது பார்த்தீங்கன்னா, கொஞ்சம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க.”

“சரிம்மா” என்றார். அவளுக்குப் போனை அணைக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. இணைப்பு அப்படியே இருந்தது. அந்த ரயிலின் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, பிறகு ஜெர்மனில் ஓர் அறிவிப்பு. அதில் ஹாகன் என்ற சொல் மட்டும் அவருக்குப் புரிந்தது. கவிசா ஒலியைக் கூட்டினாள். இரண்டு தலைகளும் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்திருந்தன. யாரோ சூட்கேஸை உருட்டினார்கள். நிறையக் காலடிகள் கதவுப் பக்கம் போயின. அதற்கு நடுவில், மிக அருகே, சேலை உரசும் சத்தம் கேட்டது.