செருப்பு கழன்றது தெரியாமல்

தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதோ தெரியாது. சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், அதுவும் தெரியவில்லை. மாமனார் கல்யாணராமன் சிரித்தார். என் கணவர் குருபிரசாத் அதற்குமேல் சிரித்தார். வெட்கக்கேடு, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அடையாறில் குழந்தைகளுக்கு பரதம் சொல்லித்தருகிறவள் நான். காலுக்குத் தரையே தெரியாவிட்டால் எதைத் தட்டி எதை ஆடுவது? பயந்துபோய் டாக்டர் மணிமொழியிடம் ஓடினேன். ரத்தத்தில் பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. நரம்பு கெட ஆரம்பித்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் திரும்பாது என்று சொல்லி, ஊசி போட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பாலும் தயிரும் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார். எங்கள் வீட்டில் கெட்டித் தயிர் ஆண்களுக்கு. கடைசியில் உட்காரும் எனக்கு, வழித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிய மோர். இந்த அழகில் ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி வேறு, எல்லாம் கணவர் ஆயுசுக்காக.

வீட்டில் சொன்னேன். "நம்மாத்துச் சாப்பாட்டுல இல்லாத சத்தா? மாத்திரை முழுங்கற வழக்கமெல்லாம் இங்க கிடையாது" என்றார் மாமனார். கணவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், கீரையைக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் பண்ணச் சொன்னார்.

மறுநாள் யாரையும் கேட்காமல் லஸ் பக்கம் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார கரீமுல்லா எங்களுக்குப் பழக்கம். சீட்டைப் பார்த்ததும், "இன்னா மேடம், நேத்துதானே சார் இதையே வாங்கிக்கினு போனாரு? அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்து உலுக்கினேன். அவருக்கும் கால் மரத்து, பி12 குறைவென்று ஆபீஸ் பரிசோதனையில் தெரியவந்ததாம். இரண்டு வருஷமாக அங்கேயே விழுங்குகிறாராம். அப்பா முகம் சுளிப்பாராம், அதனால் சொல்லவில்லையாம். அந்தச் சுளிப்புக்கு என் கால் விலையா? மரத்துப்போவது என்னவென்று தெரிந்த மனுஷன்தான் என் செருப்பைப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கணவர் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமனார் என்னவென்று கேட்டார்.

"உங்க பிள்ளையோட சத்து, அப்பா. ரெண்டு வருஷமா நமக்குத் தெரியாம சாப்பிடறார்."

மாமனார் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் கால் மரத்துண்டுதான் இருக்கு. வயசாயிடுத்துன்னு நெனச்சுண்டிருந்தேன்" என்றார்.

கணவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் தட்டோடு வந்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கெட்டித் தயிரில் பாதியை மாமனாருக்குப் போட்டேன். மீதியை வழித்து எனக்குப் போட்டுக்கொண்டேன். கணவர் காலிப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"தண்ணி அங்க இருக்கு. ஊத்தி மோர் பண்ணிக்கோங்கோ" என்றேன்.