அளக்காமல் எழுதிய எண்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குத் தராசு என்றுதான் பெயர். பத்தொன்பது வருடத்தில் ஒரு எண்கூடப் பிசகாதவர் என்று மேலாளர் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அவரைக் காட்டுவார். தராசும் வேண்டாம் என்று சொன்னதில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

அன்று காலை ஒரு பெண்மணி வெளுத்துப்போன தக்காளி நாற்றுகளோடு வந்து நின்றார். இரண்டு மாதத்துக்கு முன் இங்கே மண் கொடுத்தவர். பி.எச். ஐந்து புள்ளி இரண்டு, அமிலம் அதிகம், சுண்ணாம்பு போடுங்கள் என்று அறிக்கை போயிருந்தது. போட்டார். நாற்று அத்தனையும் மஞ்சளாகிவிட்டது.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று தராசு விறைத்து நின்றார். வந்தவரோ ஒரு பையை நீட்டினார்.

"நான்தான் மண்ணை ஒழுங்கா எடுக்கல போல சார். இந்தத் தடவை பதினஞ்சு எடத்துல தோண்டி, நிழல்ல காயவச்சுக் கொண்டுவந்திருக்கேன். எப்படி எடுக்கணும்னு மறுபடி சொல்லிக்குடுங்க. உனக்கு விவசாயம் வராது, நிலத்தைக் கொழுந்தன்கிட்ட விட்டுருன்னு வீட்டுல ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்."

"உக்காருங்கம்மா, பாக்கிறேன்."

வருகிற மண்ணிலெல்லாம் ஒரு பிடியை மூன்று மாதம் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். தராசு அந்தப் பழைய பிடியை அளந்தார். ஆறு புள்ளி ஒன்பது. மறுபடியும் அதேதான். அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பே தேவையில்லை. அந்த மண் முதலில் வந்த நாளின் பதிவேட்டைப் புரட்டியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பி.எச். அளக்கும் மீட்டர் சொல்லாமல் கொள்ளாமல் தவறும். அதனால் ஒவ்வொரு பத்து மண்ணுக்குப் பிறகும், எண் தெரிந்த ஒரு மண்ணை அளக்க வேண்டும். ஆறு புள்ளி ஐந்து வந்தால் வேலை நடக்கலாம், இல்லையென்றால் நிறுத்த வேண்டும். அன்றைக்குத் தலைக்குமேல் வேலை. தெரிந்த எண்ணை எதற்கு அளப்பது என்று தராசு அளக்காமலே எழுதிவிட்டார். 6.5, 6.4, 6.5, 6.6. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் பாருங்கள், அதற்காகக் கடைசி இலக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். திருட்டிலும் என்ன ஒரு நேர்த்தி! மறுநாள் மீட்டரின் கண்ணாடி முனையில் கீறலைப் பார்த்ததும், சத்தமில்லாமல் வேறு முனையை மாற்றியதும் நினைவுக்கு வந்தன.

பதிவேட்டோடு மேலாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். "இதுக்கா இப்படி வேர்க்குது?" என்றார் மேலாளர். "ஒரே வயல்ல பத்து எடத்துல பத்து மாதிரி இருக்கும். மண்ணு எடுத்ததுல தப்புன்னு சொல்லி அனுப்புங்க. அவங்களே அப்படித்தானே நினைக்கிறாங்க."

மண்ணைப் பற்றி அவர் சொன்னது பொய்யுமில்லை. அதனால்தான் அது அத்தனை வசதியாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வெளியே அந்த அம்மா நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார். அதைப் பார்த்ததும் தராசுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எழுதாதீங்கம்மா. நீங்க எடுத்தது சரிதான். போன தடவையும் சரிதான். எங்க மீட்டர் கெட்டிருந்துச்சு. அதைச் சோதிக்காமலே சோதிச்ச மாதிரி நான் எழுதிட்டேன்."

அந்த அம்மா நோட்டை மெதுவாக மூடினார். செருப்பைக் கழற்றியிருந்தால்கூடத் தராசுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். வாயால சொன்னா வீட்டுல நம்ப மாட்டாங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா இரண்டு தடவை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"அன்னைக்கு என் மண்ணு மட்டுந்தான் வந்துச்சா சார்?"

நாற்பத்து மூன்று வந்திருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தராசு பதிவேட்டைப் பிரித்து, முதல் எண்ணுக்கு ஃபோன் போட்டார். ஒரு பெரியவர் எடுத்தார்.

"மண்ணு பாக்கிற எடமா? நீங்க சொன்னபடியே சுண்ணாம்பு போட்டுட்டேன் சார். நாளைக்கு நாத்து நடப்போறோம். நீங்க நல்லா இருக்கணும்."

"நடாதீங்க ஐயா," என்றார் தராசு.

"ஏன் சார்?"

தராசு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். இவருக்குப் பிறகு இன்னும் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.